கேள்வி என்னும் கலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கருத்தரங்கிற்கு 'ஏட்டில் எழுதா இலக்கியம்' என்னும் பொதுப் பொருளை வகுத்து, அதன் ஒரு கூறாக வானொலியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். வானொலி நாடகம், வானொலிச் சொற்பொழிவு, வானொலிச் சிறுகதை ஆகியவற்றை நாம் நன்கு அறிவோம். அவை யாவும் முன்னரே எழுதப்பெற்றுப் பின்னர் படிக்கப்பட்டவை. எழுதாமல் பேசப்பட்டவை, அதிலும் எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத எளிய மக்களால் பேசப்பட்டவை, இலக்கியமாக நிலைபெற இயலுமா என்பதே நான் எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினாவிற்கு விடை காண அமெரிக்க வானொலியாளர் ஒருவரின் வாழ்நாட் பணியைத் துணைக்கொள்கிறேன். அவர் பெயர் ஸ்டட்ஸ் டெர்க்கல். சிகாகோ நகரின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலி நிலையத்தில் 1952 முதல் 1997 வரை 45 ஆண்டுகள், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பிறரைப் பேசவைத்துக் கேட்டவர். தமிழ் மேடையில் ஓர் அமெரிக்கரைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் எண்ணக்கூடும். அவர் செய்த பணிக்குரிய சொல் அவருடைய மொழியைக் காட்டிலும் நம் மொழியில் செம்மையாக அமைந்திருக்கிறது என்பதே என் விடை. அச்சொல் 'கேள்வி'.

கேள் என்னும் சொல்

திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. அங்கே அச்சொல் செவிவழி அறிவு பெறுதலைக் குறிக்கிறது. இன்றைய வழக்கிலோ கேள்வி என்றால் வினா. கேட்டல் என்னும் வினை செவிமடுத்தலையும் வினவுதலையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது. 'அவரிடம் கேட்டேன்' என்றால் ஒரு பொருள். 'அவர் சொன்னதைக் கேட்டேன்' என்றால் மற்றொரு பொருள். வேர் ஒன்றாயினும் வேறாயினும், 'கேள்' என்னும் பெயர்ச்சொல்லுக்கு உறவு, நட்பு என்னும் பொருளும் உண்டு. 'கேளிர்' என்று சங்கப் புலவர் குறித்தது இப்பொருளில்தான். வினவுதல், செவிமடுத்தல், உறவாதல் ஆகிய மூன்றும் ஒரே ஒலியில் அடங்கியிருப்பதை நாம் அன்றாடம் பேசியும் எண்ணிப்பார்ப்பதில்லை. டெர்க்கலின் வானொலிக் கலையை விளக்குவதற்கு இம்மூன்றும் போதும்.

நம் இலக்கணமும் இதற்கு இடம் வகுத்துள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்துக் 'கூற்று' என்பதை ஓர் உறுப்பாகவும், 'கேட்போர்' என்பதைத் தனியே மற்றோர் உறுப்பாகவும் வைக்கிறது. யார் பேசுகிறார் என்பது மட்டுமன்று, யார் கேட்கிறார் என்பதும் பாட்டின் பகுதியே. தோழியிடம் சொல்லும்போது தலைவியின் சொல் ஒருவாறு அமையும். செவிலியின் முன்னே வேறுவாறு அமையும். வானொலி நேர்காணலின் நுட்பம் முழுவதும் இக்கருத்தில் அடங்கியுள்ளது.

விடுதியில் பயின்ற பாடம்

டெர்க்கல் 1912ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை தையற்காரர். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பம். சிறுவயதிலேயே சிகாகோவிற்கு வந்தார். அங்கே பெற்றோர் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தினர். வேலை தேடி வந்தவர், வேலை இழந்தவர், இரயில்வேத் தொழிலாளர், ஓய்வுபெற்ற முதியோர் எனப் பலரும் அவ்விடுதியின் முன்கூடத்தில் அமர்ந்து வழக்காடுவர். அருகிலிருந்த பூங்காவிலோ எவர் வேண்டுமானாலும் பெட்டியொன்றின்மேல் ஏறி நின்று அரசியலும் சமயமும் பேசலாம். இவ்விரண்டையும் தம் உண்மையான பள்ளிகளாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1934இல் சட்டப் பட்டம் பெற்றும் வழக்கறிஞர் தொழிலுக்குச் செல்லவில்லை. வானொலி நாடகங்களில் பெரும்பாலும் கொள்ளைக்காரர் வேடத்திற்குக் குரல் கொடுத்தார்.

1950ஆம் ஆண்டளவில் அவர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று நல்ல வரவேற்பைப் பெற்றது. அமெரிக்காவில் பொதுவுடைமையாளர் என்று ஐயுற்றோரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்த காலம் அது. நிறவேற்றுமைச் சட்டங்களுக்கும், வாக்களிக்க வரி விதிப்பதற்கும் எதிரான விண்ணப்பங்களில் அவர் கையொப்பமிட்டிருந்தார். பிறர் ஏமாற்றிக் கையொப்பம் வாங்கிவிட்டனர் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தொழில் நிலைத்திருக்கும் என்றனர். அவர் அதைச் சொல்லவில்லை, நிகழ்ச்சி போயிற்று. பிறரைப் பேசவைப்பதற்கு வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், தாம் பேசிய சொல்லைத் திரும்பப் பெற மறுத்த செய்தி இது.

வினவுதல்

அவருடைய வானொலி நிகழ்ச்சிக்கு மார்ட்டின் லூதர் கிங், ஜேம்ஸ் பால்டுவின், சிமோன் த பொவார், பாப் டிலன் போன்ற புகழாளர்கள் வந்தனர். ஆயினும் அவரது தனிச்சிறப்பு, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு புகழில்லாதவர் வீட்டிற்குச் சென்றதில் இருக்கிறது. அக்கருவியை இயக்குவதில் அவர் மிகவும் தடுமாறுவார். பேச வந்தவரே உதவிக்கு வந்து பொத்தானை அழுத்திக் கொடுப்பதுண்டு. அந்த உதவியினால் பேசுவோர்க்கு அச்சம் நீங்கி, எதிரில் இருப்பவர் தம்மினும் மேலானவர் அல்லர் என்னும் எண்ணம் பிறந்தது என்று அவர் கூறுவார்.

எழுதிவைத்த வினாப்பட்டியல் அவரிடம் கிடையாது. முன்னர் வந்த விடையிலிருந்து அடுத்த வினா பிறக்கும். களஆய்வுக்குச் செல்லும் நம் மாணவர்க்கு இது முதன்மையான பாடம். எங்கள் முதுகலை மாணவி ஒருவர் நெசவுக் குடும்பத்துப் பாட்டி ஒருவரிடம் 'அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது?' என்று வினவினார். 'ஏதோ இருந்தது தாயி' என்பதோடு பேச்சு முடிந்தது. அடுத்த முறை, விடியற்காலையில் பாவு விரித்தது எந்தத் தெருவில், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்குமாறு சொல்லியனுப்பினேன். பாவு நனைந்த ஒரு நாளில் தொடங்கி, பட்ட கடன், விசைத்தறி வந்தபின் ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது, மகன் ஊரைவிட்டுப் போனது எனப் பாட்டி ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினார். முதல் வினா முடிவுரையைக் கேட்டது. இரண்டாம் வினா பொருளைக் கேட்டது. வாழ்ந்தவரிடம் முடிவுரையைக் கேட்கலாகாது. அதைக் கேட்பவர்தாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.

செவிமடுத்தல்

டெர்க்கல் பலமுறை எடுத்துரைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அரசு கட்டிக்கொடுத்த ஏழையர் குடியிருப்பில் இளந்தாய் ஒருத்தியிடம் பேசி ஒலிநாடாவில் பதிந்தார். அவளுடைய குழந்தைகள் அம்மாவின் குரலைக் கேட்கவேண்டும் என்று துள்ளின. நாடாவைத் திரும்பச் சுழலவிட்டார். வாழ்நாளில் முதன்முறையாகத் தன் குரலையே கேட்ட அவள், வாயில் கைவைத்து வியந்து, தான் இப்படியெல்லாம் உணர்ந்திருப்பது தனக்கே இதுவரை தெரியாது என்றாளாம்.

இந்நிகழ்ச்சியை மிக ஆழமான இலக்கியக் கொள்கையாக நான் கருதுகிறேன். உள்ளத்தில் இருந்ததை அவள் எடுத்து வெளியே வைத்தாள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில், கேட்க ஒருவர் இருந்தமையால்தான் அவ்வுணர்வு சொல்வடிவம் பெற்றது. சொல்வடிவம் பெற்ற பின்னரே அவளுக்கும் அது உரியதாயிற்று. கேட்போர் செய்யுளின் உறுப்பு என்று நம் இலக்கணம் கூறுவதன் பொருளை இங்கே காண்கிறோம்.

வள்ளுவம் கற்றவரிடம் கேட்கச் சொல்கிறது. கல்லாதவனும் கேட்டாவது அறிக என்கிறது. டெர்க்கல் அதன் மறுதலையைச் செய்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், பள்ளி வாயிலை மிதியாதவரிடம் போய்க் கேட்டார். 1974இல் வெளிவந்த அவருடைய 'வொர்க்கிங்' என்னும் நூலில் நூற்றுக்கு மேற்பட்டோர் தாம் நாள் முழுதும் என்ன வேலை செய்கின்றனர், அதைப் பற்றி என்ன உணர்கின்றனர் என்பதைப் பேசுகின்றனர். இரும்பாலைத் தொழிலாளி, உணவகப் பணிப்பெண், தொலைபேசி இணைப்பாளர், கல்தச்சர் ஆகியோர் அதில் உள்ளனர். பலருடைய பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்னும் நம் மரபை இது நினைவூட்டுகிறது. பெயர் நீங்கியதனால் அந்த வாழ்வு எவருடைய வாழ்வாகவும் ஆகிவிடுகிறது.

உறவாதல்

1967இல் வந்த 'டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா' அவருடைய முதல் வாய்மொழி வரலாற்று நூல். டிவிஷன் என்பது சிகாகோவில் உள்ள உண்மையான தெரு. அக்காலத்தில் அது ஏரிக்கரைச் செல்வர் மாளிகைகளின் பக்கத்திலிருந்து மேற்கே சென்று, கப்ரினி-கிரீன் என்னும் ஏழையர் குடியிருப்பையும் கடந்து போயிற்று. 'பிரிவு' என்னும் பொருளுடைய அப்பெயர் நூலுக்கு உருவகமாகவும் அமைந்தது. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்து குடியேறும் கறுப்பின மக்கள், மலைநாட்டிலிருந்து வந்த ஏழை வெள்ளையர், வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போவோர் என ஊர் உருமாறிக்கொண்டிருந்த காலம் அது. எல்லா வகை மக்களையும் ஒரே தெருவில் காணும் நிலை மறைந்துவிட்டிருந்தது. நேரில் அண்டை வீட்டாராக இல்லாதவர்களை அவர் நூலின் பக்கங்களில் அண்டை வீட்டாராக்கினார்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையை உலகம் அறியும். அப்பேரணிக்குச் சிகாகோவிலிருந்து புறப்பட்ட இரயிலில் டெர்க்கல் தம் கருவியோடு ஏறிக்கொண்டார். உடன் பயணம் செய்தவர்களின் பேச்சைப் பதிந்து 'திஸ் டிரெயின்' என்னும் வானொலிச் சித்திரமாக்கினார். மேடையில் நின்ற தலைவரின் குரலைப் பதிய எத்தனையோ பேர் இருந்தனர். அம்மேடையை நோக்கி இரவெல்லாம் பயணம் செய்தவர்களின் குரலும் வரலாறே என்று அவர் கருதினார்.

பகைவரையும் அவர் கேட்டார் என்பது இன்னும் பெரிது. வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவராக இருந்தவர் சி.பி. எல்லிஸ். 1971இல் பள்ளிகளில் நிறவேற்றுமையை நீக்குவது பற்றிய ஊர்க்கூட்டங்களுக்கு அவரும் ஆன் அட்வாட்டர் என்னும் கறுப்பினப் போராளியும் இணைத் தலைவர்களாயினர். ஒருவரையொருவர் வெறுத்த இருவரும், தம் இருவரின் பிள்ளைகளும் வறுமையினால் பள்ளியில் இகழப்படுவதைப் பேச்சின் ஊடே கண்டனர். எல்லிஸ் அவ்வமைப்பின் உறுப்பினர் அட்டையைக் கிழித்தெறிந்தார். இக்கதையை எல்லிஸ் தம் வாயாலேயே டெர்க்கலிடம் சொன்னது 1980இல் வந்த நூலில் இடம்பெற்றது. 'கேள்' என்பது உறவும் ஆகும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஒன்றை மறவாமல் குறிக்கவேண்டும். வானொலி தன்னளவில் நற்கருவி அன்று. 1930களில் அதே அமெரிக்காவில் காஃப்லின் என்னும் பாதிரியார் கோடிக்கணக்கானோர்க்கு வானொலியில் பேசி யூத வெறுப்பை வளர்த்தார். 1994இல் ருவாண்டா நாட்டில் ஒரு வானொலி நிலையம் படுகொலைக்கே தூண்டுகோலாயிற்று. ஒருவர் பேச, ஊரெல்லாம் வாய்மூடிக் கேட்பது ஒரு வானொலி. ஊரார் பேச, ஒருவர் முதலில் கேட்டுப் பின்னர் அனைவரையும் கேட்கச் செய்வது மற்றொரு வானொலி.

போரும் குரலும்

டெர்க்கலுக்கு 1985இல் புலிட்சர் பரிசைப் பெற்றுத்தந்த நூல், முந்தைய ஆண்டில் வெளிவந்த 'தி குட் வார்'. நல்ல போர் என்று பொருள்படும் அத்தலைப்பை மேற்கோள் குறிகளுக்குள் இட்டார். 'நல்ல' என்னும் அடைமொழி 'போர்' என்னும் பெயரோடு பொருந்தாது என்பதை அக்குறிகளால் உணர்த்தினார். இரண்டாம் உலகப் போரைத் தளபதிகள் வாயிலாக நாம் படித்திருக்கிறோம். இந்நூலில் சிப்பாய்கள், செவிலியர், அணுகுண்டு ஆய்வில் பங்கேற்றோர், வெள்ளையரோடு ஒரே படைப்பிரிவில் சேர்க்கப்படாத கறுப்பின வீரர்கள், 1942 முதல் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழி அமெரிக்கருள் சிலர் பேசுகின்றனர்.

என் உள்ளத்தைவிட்டு அகலாத ஒரு குரல் அதில் உண்டு. கென்டக்கியைச் சேர்ந்த ஏழைப் பெண்ணொருத்தி வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே கையாண்ட வெடிமருந்தினால் பெண்களின் தோலும் தலைமுடியும் செம்மஞ்சள் நிறமாக மாறிவிடுகின்றன. பஞ்சத்தில் வளர்ந்தவளுக்கு முதன்முறையாகக் கைநிறையக் காசு. தாங்கள் அடைக்கும் குண்டு மனிதரைக் கொல்லப் போகிறது என்னும் எண்ணமே அப்போது எழவில்லை என்கிறாள். பின்னர்ப் போரிலிருந்து திரும்பிய கணவன் பழைய மனிதனாக இல்லை. இதில் அறிவுரை இல்லை, கண்டனமும் இல்லை. வறுமைக்கு விடிவாக வந்த போர், அவள் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்து தாக்கியதை அவளே அடுக்கிச் சொல்கிறாள். நூறு போரெதிர்ப்புச் சொற்பொழிவுகள் செய்ய இயலாததை இக்குரல் செய்துவிடுகிறது.

இதற்கு முன்பே அவர் 'பார்ன் டு லிவ்' என்னும் வானொலிச் சித்திரத்தை உருவாக்கியிருந்தார். இரோசிமாவில் உயிர்தப்பிய பெண்ணின் குரலும், குழந்தைகளின் பேச்சும், பாடல்களும், சிந்தனையாளர் சொற்களும் அதில் இடையுரை மிகாமல் கோக்கப்பட்டிருந்தன. 1962இல் அது பிரிக்ஸ் இத்தாலியா என்னும் உலக வானொலிப் பரிசைப் பெற்றது.

இரு தடைகளும் விடைகளும்

முதுமையில் சொல்லும் நினைவு வரலாற்றுச் சான்றாகுமா என்பது முதல் தடை. ஆண்டு தவறலாம், நிகழ்ச்சிகள் முன்பின்னாகலாம், சொல்பவர் தம்மை உயர்த்திக்கொள்ளலாம். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி பற்றிய 'ஹார்டு டைம்ஸ்' நூலை 1970இல் வெளியிட்டபோது, இது நினைவின் நூலேயன்றிப் புள்ளிவிவர நூலன்று என்னும் கருத்தை டெர்க்கலே முன்வைத்தார். நடந்தது என்ன என்பதை ஆவணம் சொல்லும். நடந்ததை மனிதர் எவ்வாறு சுமந்து வாழ்ந்தனர் என்பதை ஆவணம் சொல்லாது. இரண்டையும் ஒப்பவைத்து நோக்குவதே ஆய்வாளர் கடன்.

பதிந்ததை வெட்டிச் சுருக்கும்போது அது யாருடைய படைப்பாகிறது என்பது இரண்டாம் தடை. மண்ணை மலையாகத் தோண்டிச் சிறிது பொன்னைப் பிரிக்கும் தொழிலோடு அவர் தம் பணியை ஒப்பிட்டார். நூல்களில் தம் வினாக்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார். வானொலியில் அவை கேட்கும். இடையில் விழும் மௌனமும் பெருமூச்சும் கேட்கும். அச்சில் அவை இல்லை. ஆகவே மூல ஒலியைக் காப்பது இன்றியமையாதது. அவர் 2008 அக்டோபர் 31ஆம் நாள், தம் 96ஆம் வயதில் மறைந்தார். அவருடைய 5,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளின் நாடாக்கள் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்பட்டு, 2018 முதல் பலவும் பொதுமக்கள் கேட்பதற்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. காற்றில் மறைவது என்று கருதப்பட்ட வானொலி, கல்வெட்டுப்போல் நின்றுவிட்டது.

நாம் செய்யத்தக்கது

தமிழர் வானொலியை அறியாதவர் அல்லர். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. 1960களில் வானொலி வாயிலாகத் தஞ்சை உழவரிடம் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. அத்துணை நம்பிக்கையோடு நம் மக்கள் வானொலியைக் கேட்டனர். ஆனால் அவ்வுழவர் சொல்லக்கூடியதை நாம் எவ்வளவு கேட்டோம்?

போர் பற்றிய நம் நினைவும் அத்தகையதே. 1942இல் பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த கூட்டங்களில் தமிழர் பலர் இருந்தனர். அதே ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஜப்பானியப் படை மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அப்பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. ப. சிங்காரம் போன்றோர் அக்காலத் தென்கிழக்காசியாவை நாவலில் காட்டியுள்ளனர். நூல்கள் சிலவும் வந்துள்ளன. எனினும் 1942இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவர். இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் தப்பியவர்களோ நம்மிடையே நடுவயதினராக இருக்கின்றனர். முன்னவரைக் கேட்கக் காலம் முடியப்போகிறது. பின்னவரைக் கேட்கும்போது மிகுந்த பொறுப்பு வேண்டும். சொல்லாதிருக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆறாத புண்ணைக் கிளறிப் பதிவு செய்வது கேள்வி ஆகாது.

இலக்கிய வட்டம் தன் பதினோராம் ஆண்டில் ஒரு புதுப்பணியை மேற்கொள்ளவேண்டும் என்று வேண்டுகிறேன். மூன்று திங்களுக்கு ஒரு கூட்டத்தையேனும் பேச்சாளர் இல்லாத கூட்டமாக்குங்கள். இவ்வூரின் முதியவர் ஒருவரை அழைத்தோ, அவர் இல்லம் சென்றோ கேளுங்கள். கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசியாக இருக்கிறது. இசைவு பெற்றுப் பதியுங்கள். இடமும் நாளும் குறியுங்கள். பொருளைப் பற்றி வினவுங்கள், முடிவுரையை வினவாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மௌனத்தை நிரப்ப விரையாதீர்கள். மூலப் பதிவை வெட்டாமல் காத்து, ஒரு படியை அவரிடமே கொடுங்கள். அவர் குரலை முதலில் கேட்கவேண்டியவர் அவரே.

எழுதாமல் பேசப்பட்டது இலக்கியமாக நிற்குமா என்னும் வினாவோடு தொடங்கினேன். நிற்கும், கேட்போர் இருந்தால் நிற்கும் என்பது என் விடை. பத்தாண்டுகளாக எங்களைப் போன்றோர் பேசியதைப் பொறுமையோடு கேட்டுவந்த இவ்வட்டத்திற்கு அப்பணியைச் செய்யும் தகுதி நிரம்ப உண்டு.